பழைய சினிமா போஸ்டர்: ‘வெரி குட்’ என்றால் சுமார்

இணையத்தில் பழைய சினிமா போஸ்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்தச் சொல்லில்தான். விற்பனைப் பக்கத்தில் ‘வெரி குட்’ என்று போட்டிருக்கும். ரொம்ப நல்ல நிலை போலிருக்கிறது என்று நம்பிப் பணம் கட்டுவார்கள். வந்து சேரும் போஸ்டரில் மடிப்புகள் பிளந்திருக்கும், மூலைகளில் ஊசித்துளைகள், ஓரத்தில் இரண்டு கிழிசல். கோபம் வரும். ஆனால் விற்றவர் பொய் சொல்லவில்லை. சேகரிப்பாளர்களின் அளவுகோலில் உச்சியில் மின்ட், அதாவது புத்தம் புதுசுபோல இருப்பது. அதிலிருந்து நியர் மின்ட், வெரி ஃபைன், ஃபைன் என்று இறங்கி வந்த பிறகுதான் வெரி குட். அதற்கும் கீழே குட், ஃபேர், புவர். ஆக, வெரி குட் நடுவில் நிற்கிற சொல். நம் பேச்சில் ‘சுமார்’ என்போமே, அதுதான். ‘குட்’ என்றால் நன்றாகவே அடிபட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே அளவுகோலைச் சிலர் சி1 முதல் சி10 வரை எண்ணாக எழுதுவார்கள், சி10தான் உச்சி. எண்ணைப் பார்த்ததும் ஏதோ கருவி வைத்து அளந்ததுபோல ஒரு மயக்கம் வரும். பெரும்பாலும் விற்பவர் தாமாகவே போட்டுக்கொள்கிற எண் அது. எந்தச் சொல் எந்த எண்ணுக்கு நேர் என்பதிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒருவரின் ஃபைன் 7, இன்னொருவருக்கு அதுவே 8. விற்பவர் தன் அட்டவணையைக் கொடுத்திருந்தால் அதைப் படியுங்கள். கொடுக்காவிட்டால் எண்ணைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

விற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தரத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் ‘வெரி ஃபைன்’ என்று முடிவுகட்டிவிட்டுக் குறைகளைப் பட்டியலிட உட்கார்ந்தால், குறைகள் தாமாகச் சுருங்கிவிடும். 3 செ.மீ. கிழிசல் ‘சிறு கிழிசல்’ ஆகும், துளை ‘லேசான தேய்மானம்’ ஆகும். குறைகளை அளந்து எழுதி முடித்த பிறகு பார்த்தால், எந்தத் தரம் என்பதில் பெரிய சந்தேகம் இருக்காது. இன்னொன்று, வயதுக்குச் சலுகை கிடையாது. ‘எழுபது வருஷத்துப் பழசுக்கு இது அருமை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எழுபது வருஷமாக யாரும் பிரிக்காமல் வைத்திருந்த போஸ்டர்களும் சந்தைக்கு வருகின்றன. ஒரே அளவுகோல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

மேசையில் விரித்த பிறகு

பெரிய, சுத்தமான மேசை, உலர்ந்த கை. தேவையான சாமான்கள் குறைவுதான்: அளவு நாடா, மி.மீ. கோடு போட்ட ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், யூவி டார்ச் (புற ஊதா ஒளி வீசுவது). மடித்த போஸ்டர் பழுப்பேறி விறைப்பாக இருந்தால் அவசரமாகப் பிரிக்கக் கூடாது. அறையின் ஈரப்பதத்துக்குப் பழக ஒரு நாள் விட்டுவிட்டு, ஒவ்வொரு மடிப்பாகத் திறக்க வேண்டும். மடிப்புக்குள்ளிருந்து பழுப்புத் துகள் உதிர்ந்தால் தாள் அமிலத்தில் வெந்துவிட்டது என்று அர்த்தம். மலிவான மரக்கூழ்த் தாள்தான் காரணம். வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும். மூலையை மடித்து மடித்து உறுதியைச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தச் சோதனையே ஒரு குறையை உண்டாக்கிவிடும்.

முதலில் அளவு. தியேட்டரில் தொங்கும் வழக்கமான அமெரிக்கப் போஸ்டரான ஒன் ஷீட் 1980களின் நடுப்பகுதி வரை பொதுவாக 27க்கு 41 அங்குலம், பிறகு 27க்கு 40. மற்ற போஸ்டர் வகைகளில் லாபி கார்டு 11க்கு 14, இன்சர்ட் 14க்கு 36, ஹாஃப் ஷீட் 22க்கு 28, பிரிட்டிஷ் குவாட் 30க்கு 40. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலமும் அதேபோல் உயரமும் எடுக்க வேண்டும். ஓரம் கிழிந்த போஸ்டரைக் கத்தியால் நேராக வெட்டிவிட்டு ‘ஓரங்கள் சுத்தம்’ என்று விற்பது பழைய தந்திரம். நான்கு பக்க வெள்ளை பார்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, கீழே இருக்க வேண்டிய அச்சக வரி இருக்கிறதா என்று பாருங்கள். கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் அது அச்சகத்திலேயே வந்த வித்தியாசமாக இருக்கலாம். ஒரு பார்டர் மட்டும் பாதியாகிக் கிடந்தால் கத்தி பட்டிருக்கிறது. வெட்டிய போஸ்டரை விற்கலாம், தப்பில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

கீழ் ஓரத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 1940களிலிருந்து 1980கள் வரை அமெரிக்கப் போஸ்டர்களில் பெரும்பாலானவற்றை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் விநியோகித்தது. அவற்றின் கீழ் ஓரத்தில் 58/127 என்பதுபோல ஓர் எண் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் வருவது வருஷம். அதற்கும் முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுப் போஸ்டர். இது போஸ்டரின் நிலையைப் பற்றியது அல்லதான். ஆனால் மறுவெளியீட்டை முதல் வெளியீடு என்று போட்டுவிட்டு, நிலையை மட்டும் நேர்மையாக எழுதி என்ன பயன்?

அடுத்தது வெளிச்சம். மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் நிறம், கறை, எழுத்து தெரியும். டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்தால் கையாண்ட சுருக்கங்கள், அழுத்தத் தடங்கள், மேலே பூசிய வண்ணத்தின் பளபளப்பு எல்லாம் எழுந்து நிற்கும். இந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்குத் தப்பும் சுருக்கம் அரிது. மூன்றாவதாக, போஸ்டரை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பார்க்க வேண்டும். ஊசித்துளைகள் நட்சத்திரம்போல மின்னும். பிளந்த மடிப்புகள் வெள்ளைக் கோடாகும். பிற்பாடு ஒட்டு வைத்த தாள்துண்டுகள் சுற்றியிருக்கும் தாளைவிட அடர்ந்தோ வெளிறியோ தெரியும். இந்த மூன்றாவது பார்வையைத்தான் நிறைய விற்பவர்கள் தவிர்க்கிறார்கள். தெரிந்துகொண்டால் எழுத வேண்டியிருக்குமே!

மடிப்பு

வேறெந்தக் குறையைவிடவும் இதில்தான் சண்டை அதிகம். ஒன் ஷீட்டுகள் 1980களின் தொடக்கம் வரை பெரும்பாலும் மடித்தே தியேட்டருக்குப் போயின. மூன்று கிடை மடிப்பு, ஒரு நெடு மடிப்பு, எட்டுக் கட்டங்கள். நெடுமடிப்பும் கிடைமடிப்புகளும் சந்திக்கும் மூன்று இடங்களில்தான் தாள் முதலில் தேய்ந்து துளைவிடும். எல்லாப் போஸ்டரும் மடித்து வந்ததால் அந்தக் காலத்து மடிப்பைக் குறையாக எண்ணாதவர்கள் உண்டு. பயன்படுத்தாத மடித்த போஸ்டருக்கு நியர் மின்ட் கொடுப்பவர்களும் உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை, ‘மடித்தது’ என்ற சொல் முதல் வரியிலேயே இருக்கும்வரை.

மறுப்பு வேறோர் இடத்தில். மடித்த போஸ்டரைப் பிரித்து, சில மாதம் தட்டையாகவோ சுருட்டியோ வைத்துவிட்டு ‘ரோல்டு’ (சுருட்டியது) என்று எழுதி விற்பது. ‘ஒருபோதும் மடிக்காதது’ வேறு, ‘மடித்தது, இப்போது சுருட்டி வைத்தது’ வேறு. முதலாவதை நாடுகிறவர் கூடுதல் பணம் கொடுக்கிறார். ‘ரோல்டு’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் ‘எப்போதாவது மடிக்கப்பட்டதா?’ என்று எழுத்தில் கேளுங்கள். 1960கள், 70களின் ஒன் ஷீட் மடிப்பில்லாமல் வந்தால் மகிழ்ச்சி, கூடவே கொஞ்சம் சந்தேகமும் வேண்டும். மடிக்காத பிரதிகள் இருந்தன, ஆனால் மறுஅச்சுகளும் மடிப்பில்லாமல்தான் வருகின்றன.

மடிப்பை விவரிக்கும்போது மூன்று நிலையைப் பிரித்துச் சொல்லலாம்: மை தேய்ந்து வெள்ளைக் கோடு தெரிவது; தாள் பிளந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைவது; தாளே போய்த் துளை விழுந்தது. மூன்றையும் ‘மடிப்புத் தேய்மானம்’ என்று ஒரே பெயரில் அடக்குவது விவரிப்பு ஆகாது.

துளை, டேப், கறை, நிறம்

ஊசித்துளை எத்தனை என்று எண்ணி எழுதினால் வேலை முடிந்தது. தியேட்டரில் தொங்கிய போஸ்டரில் ஊசித்துளை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். வாங்குகிறவர்களும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். மூலையில் ஒரே இடத்தில் ஏழெட்டுத் துளை சேர்ந்து தாளே போயிருந்தால் மட்டும் அதை மூலைச் சேதம் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும்.

டேப் அப்படியல்ல. செலோடேப்பின் பசை நாளாக ஆக மஞ்சளாகி, எண்ணெய்போலத் தாளுக்குள் இறங்கும். பின்னால் ஒட்டிய டேப் முன்பக்கம் பழுப்புப் பட்டையாகத் தெரியும். மேல் பிலிம் காய்ந்து உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். விற்பதற்கு முன் அழகாக்குகிறேன் என்று அதை உரித்தால் தாளின் மேற்தோலும் சேர்ந்து வரும். இருப்பதை அப்படியே விட்டு, ‘பின்பக்கம் மேல் மடிப்பு முழுவதும் டேப், முன்பக்கம் 12 செ.மீ. கறை’ என்று எழுதுவதே சரி. அமிலமில்லாத ஆவண டேப் போட்டு ஒட்டியிருந்தாலும் அது பழுதுபார்ப்புதான், சொல்லியாக வேண்டும்.

நீர்க்கறைக்கு விளிம்பில் பழுப்புக் கோடு இருக்கும். பூஞ்சைப் புள்ளிகள் துருப்பிடித்ததுபோல் சிதறிக் கிடக்கும். கறை காய்ந்து பழசாகிவிட்டால் ஆபத்து குறைவு; பூஞ்சை உயிரோடிருந்தால் வாங்குகிறவரின் மற்றப் போஸ்டர்களையும் பிடிக்கும். புகைப்படத்தில் வராத ஒரே குறை வாடை. சிகரெட் நெடி, ஈரவாடை, அந்துருண்டை வாடை என்று எது இருந்தாலும் எழுத வேண்டும். வாங்குகிறவரும் கேட்க வேண்டும்; யாரும் கேட்பதில்லை.

நிற மங்கல்தான் கண்ணை ஏமாற்றுவது. வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். அதனால் ஜன்னலோரம் தொங்கிய போஸ்டர் மொத்தமாக நீலம் பாய்ந்து குளிர்ந்திருக்கும். சிவப்பு எழுத்து இளஞ்சிவப்பாகியிருக்கும். தனியாகப் பார்த்தால் அதுதான் அசல் நிறம் என்றே தோன்றும். ஃப்ரேமின் விளிம்போ, மேலே ஒட்டிய அறிவிப்புத் துண்டுச்சீட்டோ மறைத்திருந்த பகுதி இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் அதே போஸ்டரின் வேறு பிரதிகளின் படங்களை நான்கைந்து திறந்து வைத்துப் பார்க்கலாம். விற்பவரின் படத்தில் நிறம் அளவுக்கு மீறித் துடித்தால், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்த படம் கேளுங்கள். வெள்ளைத் தாள் வெள்ளையாக இல்லாத படத்தில் சிவப்பையும் நம்ப முடியாது.

லினன் போட்டது

லினன் பேக்கிங் என்பது கேன்வாஸை இழுத்துக் கட்டி, அதன்மேல் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒட்டி, அதன்மேல் கழுவிய போஸ்டரை மாவுப் பசையால் படுக்கவைப்பது. நன்றாகச் செய்தால் தண்ணீரில் நனைத்து மறுபடி பிரிக்க முடியும். மடிப்புகள் தட்டையாகும், துளைகளில் தாள்கூழோ தாள்துண்டோ வைத்து நிரப்புவார்கள், வெள்ளைக் கோடுகளில் நீர்வண்ணமோ கலர் பென்சிலோ தீட்டுவார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பல போஸ்டர்கள் இதனால்தான் பிழைத்திருக்கின்றன. சூடுபடுத்தி அட்டையில் ஒட்டும் டிரை மவுன்ட் இதற்கு நேர் எதிர். பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ‘தொழில்முறையில் மவுன்ட் செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தால் இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள்.

லினன் போட்ட போஸ்டருக்கு மின்ட் என்ற தரமே கிடையாது. அது இன்று எப்படித் தெரிகிறது என்பது பாதிச் செய்திதான். லினனுக்கு முன் எப்படி இருந்தது, எங்கே எவ்வளவு நிரப்பினார்கள் என்பது மீதி. பழுதுபார்க்கிறவர்கள் வேலைக்கு முன் படம் எடுத்து வைப்பது வழக்கம், அதைக் கேட்கலாம். இல்லையென்று பதில் வந்தால் உங்கள் யூவி டார்ச்சுக்கு வேலை. இருட்டறையில் அடித்தால் தீட்டிய வண்ணம் அசல் மையோடு ஒட்டாமல் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளையாக்கும் ஒளிர்பொருள் கலந்த தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அந்தப் பொருள் தாளில் பரவலாகக் கலக்கத் தொடங்கியது 1950 வாக்கில். 1930களின் போஸ்டர் என்று சொல்லப்படும் தாள் முழுக்கப் பளிச்சிட்டால் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆனால் பின்னாலுள்ள கேன்வாஸோ ஒட்டிய புதுத்தாளோ ஒளிர்ந்தால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போஸ்டரின் பார்டரை மட்டும் பாருங்கள். பளிச்சிடவில்லை என்பதாலும் அசல் ஆகிவிடாது. பழைய வெற்றுத்தாளில் புதிதாக அச்சடித்த போலிகள் வந்திருக்கின்றன.

நிரப்பியது எந்த இடத்தில் என்பதும் பரப்பளவுக்குச் சமமாக முக்கியம். பார்டரில் 5 செ.மீ. புதுத்தாள் வைத்ததைப் பலரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நாயகியின் கன்னத்தில் 1 செ.மீ. தீட்டியிருந்தால் தரம் ஒரு படியாவது இறங்க வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் வரம்பு: படத்துக்குள் ஓடும் கிழிசல் இருந்தால் ஃபைனுக்கு மேல் இல்லை, படத்துக்குள் தாள் போயிருந்தால் வெரி குட்டுக்கு மேல் இல்லை, வெட்டிய போஸ்டருக்கு ‘வெட்டியது’ என்ற சொல் இல்லாமல் எந்தத் தரமும் இல்லை. மற்ற எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மோசமான குறைதான் உச்சவரம்பைத் தீர்மானிக்கும். சராசரி எடுப்பது ஏமாற்று.

லென்ஸை மறந்துவிட வேண்டாம். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் சின்னப் பூப்போல ஒழுங்காக அமைந்திருக்கும், சிறு எழுத்துகள் கெட்டியான மையில் கூராக இருக்கும். அசலைப் படம் பிடித்து மறுஅச்சு செய்ததில் சிறு எழுத்தின் விளிம்பும் புள்ளி புள்ளியாக உடையும். இன்க்ஜெட்டில் புள்ளிகள் தூவியதுபோலச் சிதறிக் கிடக்கும். கல்லச்சு லித்தோவில் ஒழுங்கான புள்ளிகளே இருக்காது, மணல்போன்ற பரப்புதான். எல்லாவற்றையும்விடச் சுலபமான அடையாளம் ஒன்று: படத்தில் மடிப்புக் கோடு தெரியும், விரலால் தடவினால் தாளில் மடிப்பே இருக்காது. மடிப்பையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள்.

படமும் எழுத்தும்

ஒன் ஷீட்டுக்குப் பதினொரு படமாவது வேண்டும். ஃப்ரேமையும் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிட்டு முன்பக்கம் முழுசாக, நேர் மேலிருந்து. பின்பக்கம் முழுசாக. நான்கு மூலைகள். மடிப்புகள் சந்திக்கும் மூன்று இடங்கள். கீழ் ஓரத்து அச்சக வரி. சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு குறைக்கும் ஸ்கேலோடு ஒரு படம். நேரடி வெயில் வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

எழுத்துக்கு ஒரு மாதிரி:

‘ஒன் ஷீட், 27க்கு 41 அங்குலம், வெட்டவில்லை. மடித்தது. லினன் இல்லை, பழுதுபார்ப்பு இல்லை. நடுச் சந்திப்பில் 4 மி.மீ. துளை. மேல் கிடைமடிப்பில் இடது ஓரத்திலிருந்து 6 செ.மீ. பிளவு. ஊசித்துளை மொத்தம் 9, மூலைகளில். கீழ் வலது ஓரத்தில் 2.5 செ.மீ. கிழிசல், அதில் 1 செ.மீ. படத்துக்குள். பின்பக்கம் நீலப் பேனா எழுத்து, முன்பக்கம் தெரியவில்லை. நிறம் மங்கவில்லை. வாடை இல்லை. வெரி குட்.’

இதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் பார்சலைத் திறக்கும்போது அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. இதையே ‘வயதுக்கேற்ற தேய்மானம், ஃப்ரேம் போட்டால் அசத்தும், வெரி ஃபைன்’ என்றும் எழுதலாம், எழுதுகிறார்கள். ‘ஃப்ரேம் போட்டால் அசத்தும்’ என்பதைப் ‘பார்டரைப் பார்க்காதீர்கள்’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ‘எனக்குத் தெரிந்து பழுதுபார்ப்பு இல்லை’ என்றால் அவர் யூவி டார்ச் அடிக்கவில்லை. ‘படங்களைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு மூன்று படம் மட்டும் போட்டிருந்தால், அடுத்த போஸ்டரைப் பார்க்கப் போகலாம்.

அனுப்புவதும் பிரிப்பதும்

நேர்மையாகத் தரம் போட்ட போஸ்டரும் மோசமான பார்சலில் ஒரு படி இறங்கும். மடித்ததை அமிலமில்லாத உறையில் போட்டு, நான்கு பக்கமும் 5 செ.மீ. பெரிதான இரண்டு நெளிவு அட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஓர் அட்டையின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருந்தால் பார்சல் வளையாது. மடிக்காததைச் சுருட்ட 7.5 செ.மீ. விட்டமாவது உள்ள தடித்த குழாய் வேண்டும். லினன் போட்டதற்கு இன்னும் அகலமானது. குழாய் போஸ்டரைவிட இரண்டு முனையிலும் 5 செ.மீ. நீளமாக இருந்து, அந்த இடத்தில் காகிதம் திணித்திருக்க வேண்டும். சுருளைக் காகிதத்தால் சுற்றி அதன்மேல்தான் டேப். போஸ்டரில் டேப் படவே கூடாது. ரப்பர் பேண்டும் வேண்டாம்.

வாங்கியவர் பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுப்பது நல்லது; அட்டையையும் குழாயையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். விவரிப்பில் இல்லாத கிழிசல் ஒன்று இருந்தால், அது வழியில் நேர்ந்ததா, ஏற்கெனவே இருந்து எழுதாமல் விட்டதா என்பதுதான் கேள்வி. லென்ஸ் வைத்துக் கிழிசலின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பேறிய தாளில் புதுக் கிழிசலின் நார்கள் வெளிறி, பஞ்சுபோல நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கிழிசலின் விளிம்பு தாளின் மேற்பரப்பைப் போலவே பழுப்பாக, அழுக்கேறி, மழுங்கிப்போயிருக்கும். கிழிசலைச் சேர்த்துத் தடவிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த விளிம்பைப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.